விளிம்பைப் படித்து வாங்குங்கள்: பழைய பிரிட்டிஷ் கடை டோக்கன் சேர்க்க நினைப்பவர்களுக்கு

திருவிதாங்கூர்க் காசு சேர்க்கிறவர்கள் நம் குமரி மாவட்டத்தில் நிறையப் பேர். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் யாருக்காவது கொஞ்சம் வேறு திசையில் போய்ப் பார்க்க ஆசை இருந்தால், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் கடைக்காரர்களும் ஆலை முதலாளிகளும் சொந்தப் பெயரில் அடித்துவிட்ட செப்பு டோக்கன்கள் இருக்கின்றன. விலை கைக்கு அடக்கம், வகை ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றிலும் படிக்க ஏதாவது எழுதியிருக்கும். நாகர்கோவிலிலோ தக்கலையிலோ இருந்துகொண்டே இதை எப்படிச் சேர்ப்பது, எங்கே காசு வீணாகும் என்பதுதான் இங்கே விஷயம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டோக்கனை முகத்தைப் பார்த்து வாங்காதீர்கள், விளிம்பைப் பார்த்து வாங்குங்கள். ஏன் என்று புரிய கொஞ்சம் பின்கதை வேண்டும்.

லண்டன் அரச நாணயச்சாலை 1775-க்குப் பிறகு செப்புக் காசு அடிப்பதை நிறுத்திவிட்டது. அதே வருடங்களில்தான் அங்கே சுரங்கமும் இரும்பாலையும் நெசவாலையும் பெருகின. வாராவாரம் கூலி கொடுக்க வேண்டும், கூலியோ சில பென்னிகளும் ஷில்லிங்குகளும். சில்லறைக்கு எங்கே போவது? சந்தையில் ஓடியதில் பெரும்பகுதி கள்ளக் காசு. வேல்ஸ் பக்கம் ஆங்கில்சி தீவில் பாரிஸ் மலை என்று ஒரு பெரிய செப்புச் சுரங்கம். அதை நடத்திய தாமஸ் வில்லியம்ஸ், செம்புதான் கையில் இருக்கிறதே என்று, 1787-இல் தன் கம்பெனி பெயரிலேயே பென்னி அடித்து வெளியிட்டார். ஒரு பக்கம் முக்காடு போட்ட தாடிக்கார ட்ரூயிட் பூசாரியின் தலை, சுற்றி ஓக் இலை மாலை. மறுபக்கம் கம்பெனியின் எழுத்து முத்திரை, 'இதைக் கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி தருவதாக வாக்களிக்கிறோம்' என்ற வாசகம். சரக்கு நல்ல எடை, செம்பு சுத்தம், ஜனங்கள் நம்பி வாங்கினார்கள். உடனே மற்றவர்களும் ஆரம்பித்தார்கள்.

நம் பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை இல்லாமல் டிக்கெட்டின் பின்னால் தொகையை எழுதிக் கொடுத்து, இறங்கும்போது வாங்கிக்கோங்க என்பாரே, அதே வேலைதான் இதுவும். என்ன, இவர்கள் காகிதத்தில் எழுதாமல் செம்பில் அடித்தார்கள். அந்த வாக்கு யார் கொடுத்தது, எந்தக் கடைக்குப் போனால் மாற்றலாம் என்பதைப் பெரும்பாலும் விளிம்பில் அடித்து வைத்தார்கள். ஆங்கில்சி அரைப்பென்னியின் விளிம்பில் 'ஆங்கில்சி, லண்டன் அல்லது லிவர்பூலில் பணம் தரப்படும்' என்று இருக்கும். கவன்ட்ரி நகர அரைப்பென்னியின் விளிம்பில் ராபர்ட் ரெனால்ட்ஸ் கம்பெனியின் கிடங்கில் தரப்படும் என்று இருக்கும். இரும்பாலை முதலாளி ஜான் வில்கின்சன் இன்னும் ஒரு படி மேலே போய், ராஜா தலை இருக்க வேண்டிய இடத்தில் தன் தலையைப் போட்டுக்கொண்டு, விளிம்பில் வில்லி, ஸ்னெட்ஷில், பெர்ஷம், பிராட்லி என்று தன்னுடைய நாலு ஆலைகளின் பெயரையும் அடித்துவிட்டார். ஆள் எப்படிப்பட்டவர் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இந்தக் கூத்து பத்து வருடம்தான் நடந்தது. 1797-இல் பர்மிங்ஹாம் பக்கத்து சோஹோ ஆலையின் மேத்யூ போல்டனுக்கு அரசு ஒப்பந்தம் கிடைத்து, நீராவி எந்திரத்தில் ஒரு அவுன்ஸ் எடைப் பென்னியும் இரண்டு அவுன்ஸ் இரட்டைப் பென்னியும் அடித்து விட்டார். அரசாங்கக் காசு வந்த பிறகு கடைக் காசுக்கு என்ன வேலை? ஆக உங்களுடைய காலம் 1787 முதல் 1797 வரை, வாலாக ஓரிரண்டு வருடம். இதற்கு முன்னால் 1648-இலிருந்து 1672 வரை ஒரு டோக்கன் காலம் உண்டு, அது சின்னச் சின்னத் தகடுகள். பின்னால் 1811 வாக்கில் இன்னொரு அலை வந்து 1817-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அவையும் நல்லவைதான், ஆனால் கலந்து வாங்க ஆரம்பித்தால் எதுவுமே உருப்படியாகச் சேராது.

சரி, விளிம்புக்கு வருவோம்.

1790-களின் நடுவில் இந்த டோக்கன்களைச் சேர்ப்பது இங்கிலாந்தில் ஒரு பைத்தியமாகவே ஆனது. பணம் படைத்தவர்கள் புதுப்புது வகை கேட்டார்கள், அடித்துக் கொடுத்தவர்கள் விடுவார்களா? பர்மிங்ஹாமில் லட்விச், கெம்ப்சன், லண்டனில் ஸ்கிட்மோர் போன்றவர்கள் ஒரு கடைக்காரரின் முகப்பு அச்சை எடுத்து வேறொரு ஊர்க்காரரின் பின்பக்க அச்சோடு சேர்த்து அடித்து, இதோ புது வகை என்று விற்றார்கள். இதை மியூல் என்பார்கள். எந்தக் கடையிலும் செல்லாத, யாரும் வாக்குக் கொடுக்காத காசு. இன்னொரு பக்கம், நல்ல டோக்கன்களைப் பார்த்து எடை குறைத்துக் கள்ள டோக்கன் அடித்தவர்களும் இருந்தார்கள். ஆங்கில்சி ட்ரூயிட்டுக்கே நிறையக் கள்ளப் பிரதிகள் உண்டு. கள்ளக் காசுக்கு மாற்றாக வந்ததற்கே கள்ளம்!

ஆக சந்தையில் மூன்று சாதி இருக்கிறது. ஒன்று, உண்மையாகக் கடையில் புழங்கியது. இரண்டு, புழக்கத்தில் நுழைக்க அடித்த போலி. மூன்று, சேகரிப்பாளர்களுக்கென்றே அடித்தது. மூன்றுமே 18-ஆம் நூற்றாண்டுச் சரக்குதான், மூன்றுக்கும் விலை உண்டு, சில மியூல்கள் அபூர்வம் என்பதால் நல்ல டோக்கனைவிட அதிகத்துக்கே போகும். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். அதற்குத்தான் விளிம்பு. முகப்பில் இருக்கிற ஊர், கடை, ஆள் பெயரும் விளிம்பில் இருக்கிற ஊர், கடை, ஆள் பெயரும் ஒத்துப்போனால் பெரும்பாலும் நிஜக் கடைக் காசு. முகப்பில் ஒரு ஊர், விளிம்பில் சம்பந்தமில்லாத இன்னொரு ஊர் என்றால் சந்தேகப்படுங்கள்: மியூலாக இருக்கும், அல்லது எழுத்து அடித்த தகடு மிச்சம் கிடந்ததை வீணாக்காமல் பயன்படுத்தியதாக இருக்கும். விளிம்பு மொட்டையாகவோ வெறும் சாய்கோடுகளோடோ இருந்தால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எடையையும் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

எனக்கு மியூல்கள் மேல் பெரிய ஆசை கிடையாது. யாரோ ஒரு நெசவாளியின் கையில் சனிக்கிழமைக் கூலியாக விழுந்து, ரொட்டிக் கடைக்குப் போய், தேய்ந்து திரும்பி வந்த ஒன்று போதும். இது என் ருசி, உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

பட்டியல் என்றால் எது? ஜேம்ஸ் காண்டர் என்று இப்ஸ்விச் நகரத் துணி வியாபாரி ஒருவர் 1798-இல் இவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டார், அவர் பெயரில்தான் இன்றைக்கும் இவற்றைக் காண்டர் டோக்கன் என்கிறார்கள். ஆனால் நீங்கள் பயன்படுத்தப்போவது டால்டன், ஹேமர் இருவரும் சேர்ந்து 1910 முதல் 1918 வரை பகுதி பகுதியாக வெளியிட்டது. பழைய புத்தகம், ஸ்கேன் பிரதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் எல்லாம் கவுன்டி வாரியாக இருக்கும். நம் ஊர்க் கணக்கில் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டி பெயர், அதற்குள் ஒரு எண், விளிம்பு வேறுபட்டால் எண்ணுக்குப் பின்னால் ஏ, பி, சி என்று ஒரு எழுத்து. விற்கிறவர்கள் 'டி அண்ட் எச் வார்விக்‌ஷயர்' என்று போட்டு எண் சொன்னால் இதைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கடைசி எழுத்தைப் போடாமல் விடுகிறவர்கள் நிறைய. அது விளிம்பையே பார்க்காத ஆள் என்று அர்த்தம். லண்டன் அடங்கிய மிடில்செக்ஸ்தான் இருப்பதிலேயே பெரிய பிரிவு, குப்பையும் பொக்கிஷமும் அங்கேதான் அதிகம்.

முதல் காசு எது வாங்கலாம்?

இங்கேதான் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. டோக்கன் வாங்குவதற்கு முன்னால், 1803-ஆம் வருடம் போட்ட மெட்ராஸ் மாகாணத்து இருபது காசு ஒன்றை வாங்குங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அதே போல்டனின் சோஹோ ஆலையில் அடித்து, கப்பலில் ஏற்றி இங்கே அனுப்பியது. ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து, கீழே இருபது காசு என்று ரோமன் எண்ணில். குறுக்களவு ஏறக்குறைய 30 மில்லிமீட்டர், அதாவது டோக்கன் அரைப்பென்னிக்குக் கிட்டத்தட்ட சமம். நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரைப் பக்கம் பழைய காசு விற்கிறவர்களிடம் சாதாரணமாகவே கிடைக்கும். தேய்ந்த செம்பு எப்படி இருக்கும், தேய்வதற்கு முன் எப்படி இருந்திருக்கும், எந்திரத்தில் அடித்த எழுத்தின் ஓரம் எவ்வளவு கூர்மை என்று கண்ணும் கையும் பழகிக்கொள்ள இதைவிட மலிவான பாடம் கிடையாது. இதே வரிசையில் 1808 என்று போட்ட பத்து, இருபது காசுகளை மெட்ராஸுக்கு ஏற்றிக்கொண்டு வந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு நகர்வதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கிப்போனது. 1980-களில் அந்தக் காசுகளைக் கடலிலிருந்து எடுத்தார்கள், இப்போதும் விற்பனைக்கு வருகின்றன. நம் கைக்கு வர வேண்டிய சில்லறை, கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

உள்ளூரில் டோக்கனே கிடைக்காதா, வெள்ளைக்காரர்கள் இங்கே இருந்தார்களே என்று கேட்பீர்கள். எதிர்பார்க்க வேண்டாம். லண்டன் மிஷன் சார்பில் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து சேர்ந்தது 1806-இல். அதற்குள் இந்த டோக்கன்கள் இங்கிலாந்திலேயே செல்லாமல் போய்விட்டன. செல்லாத செம்பை யாரும் பெட்டியில் கட்டிக்கொண்டு கப்பல் ஏற மாட்டார்கள். அதனால் பழைய சாமான் வாங்குகிற ஆக்கர் கடை அண்ணாச்சியிடம் 'பழைய காசு ஏதாவது வந்தா எடுத்து வையுங்க' என்று சொல்லி வைப்பது சக்கரத்துக்கும் டச்சுக் காசுக்கும் பலன் தரலாம், இதற்குத் தராது. கன்னியாகுமரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிற பழைய காசுகளையும் மறந்துவிடுங்கள். அதிலும் ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ ஒரு பக்கம், மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818 என்று இருக்கிற பித்தளை வில்லையைக் கம்பெனி எந்தக் காலத்திலும் வெளியிட்டதே இல்லை. அதற்கு லட்சம் தருகிறேன் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். பழைய காசு, நோட்டு வாங்குவதாகச் சொல்லித் தன் பெயரைப் பயன்படுத்திக் கமிஷன் கேட்கிறவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

ஆக வாங்குவது பிரிட்டனிலிருந்துதான். ஏல நிறுவனங்களும் காசு வியாபாரிகளும் இணையத்தில் இருக்கிறார்கள். நன்றாகத் தேய்ந்த சாதாரண அரைப்பென்னி பத்து இருபது பவுண்டுக்கே கிடைக்கும், எழுத்தெல்லாம் தெளிவாக இருந்தால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு, அடித்த காலத்துச் சிவப்புப் பளபளப்பு மிச்சமிருந்தால் அப்புறம் உங்கள் பாக்கெட்டைப் பொறுத்தது. ஏலத்தில் எடுத்தால் கூவி முடித்த விலைக்கு மேல் வாங்குபவர் கமிஷன் இருபது சதவீதத்துக்கு மேல் வரும், அதையும் தபால் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுக் கையைத் தூக்குங்கள். ஒரே வியாபாரியிடம் நாலைந்தாகச் சேர்த்து வாங்கினால் தபால் செலவு மிச்சம்.

பணம் கட்டுவதற்கு முன் விளிம்புப் படம் கேளுங்கள். இருபக்கப் படத்தை எல்லோரும் போடுவார்கள், விளிம்பை யாரும் போட மாட்டார்கள். ஒரே படத்தில் விளிம்பு முழுக்க வராது, அதனால் காசைத் திருப்பித் திருப்பி நாலு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல வியாபாரி அனுப்புவார். எடையையும் குறுக்களவையும் கேளுங்கள். ஆங்கில்சி பென்னி ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராமுக்குப் பக்கத்தில். அரைப்பென்னி அதில் பாதியில் தொடங்கி, செம்பு விலை ஏற ஏற, பின்னால் வந்த கடைக்காரர்கள் எட்டு ஒன்பது கிராம் வரை இறக்கினார்கள். ஒரே கடையின் ஒரே வருடத்து டோக்கன் வழக்கத்தைவிட ரொம்பக் குறைவான எடையில், எழுத்தும் கொஞ்சம் முரடாக இருந்தால் அந்தக் காலத்துப் போலி. வார்த்து எடுத்த நகல் என்றால் எழுத்தும் படமும் இல்லாத வெற்றிடத்தில் ஊசிக்குத்து மாதிரிச் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரியும், விளிம்பைச் சுற்றி ஒரு ஒட்டுக்கோடு ஓடும், எழுத்தின் ஓரம் மழுங்கி இருக்கும். அதற்கும் விளிம்புப் படம்தான் கதி.

விளிம்புப் படத்தில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்கு இன்னொரு காரணம் நம் நாட்டுச் சட்டம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உள்ளே வருவதற்குப் பிரச்சினை இல்லை, ஆனால் வந்து சேர்ந்த பிறகு 'சொன்னது ஒன்று, வந்தது ஒன்று' என்று திருப்பி அனுப்பப் போனால் சிக்கலில் மாட்டுவீர்கள். இங்கிலாந்துக்காரர் பிடிக்கவில்லை என்றால் மறுநாள் தபாலில் போட்டுவிடுவார், நமக்கு அந்த வழி இல்லை. அதனால் எல்லாக் கேள்வியையும் வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டு முடித்துவிட வேண்டும். கவர் மேல் ஒட்டும் சுங்கச் சீட்டில் உண்மையான விலையையும், 18-ஆம் நூற்றாண்டுச் செப்பு டோக்கன், சேகரிப்புப் பொருள் என்றும் எழுதச் சொல்லுங்கள். பரிசுப்பொருள் என்று போடுகிறேன், வரி வராது என்று அவரே ஆசை காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வரி விழுந்தால் தபால்காரர் வீட்டுக்கு வரும்போது வாங்கிக்கொள்வார், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

எந்த வழியில் சேர்ப்பது என்பதில் ஒரே ஒரு யோசனை. கவுன்டிக்கு ஒன்று, எழுத்து வரிசைக்கு ஒன்று என்று ஓடாதீர்கள். நமக்கு ஏற்கெனவே பிடி கிடைத்த விஷயத்திலிருந்து தொடங்குங்கள். வடசேரி நெசவுக் குடும்பத்தில் வந்தவர் என்றால் ராச்டேல் அரைப்பென்னியைத் தேடுங்கள், 1791, 1792-இல் வந்தது, அதில் ஒரு ஆள் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருப்பார். ஹேவர்ஹில் ஊர் ஜான் ஃபின்ச்சம் வெளியிட்டதிலும் தறி உண்டு. நாகர்கோவில் லேஸ் பற்றித் தெரிந்தவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. மிஷனரி மார்த்தா மால்ட் 1820-களில் இங்கே பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னும் வேலை, அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னால் இங்கிலாந்தில் எப்படி நடந்தது என்று டோக்கனிலேயே பார்க்கலாம்: லேட்டன் பஸர்டு ஊர்க்காரர்கள் 1794-இல் வெளியிட்டதிலும் லண்டன் கிரேட் போர்ட்லண்ட் தெரு மூர் கடை வெளியிட்டதிலும் லேஸ் பின்னுகிற பெண் இருக்கிறாள். இரண்டையும் அருகருகே வைத்து, வீட்டுப் பெரியவர்களில் லேஸ் பின்னத் தெரிந்த யாராவது இருந்தால் காட்டிப் பாருங்கள், கை எப்படி வைத்திருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாத பத்து விஷயம் சொல்வார்கள்.

யானை பிடிக்குமா? கவன்ட்ரி அரைப்பென்னியில் ஒரு பக்கம் கொடிவா சீமாட்டி குதிரை மேல், மறுபக்கம் முதுகில் கோட்டையைச் சுமக்கும் யானை. லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் பிட்காக் என்பவர் வைத்திருந்த மிருகக்காட்சிக் கூடத்து டோக்கன்களிலும் யானை வரும், கூடவே இரட்டைத் தலை மாடும் வரும். தேயிலை, மசாலா வியாபாரம் என்றால் பாத் நகர லாம்ப் கடையின் ஒட்டகம். புத்தகக்காரர்களுக்கு லேக்கிங்டன், உலகத்திலேயே மலிவான புத்தக வியாபாரி என்று தன்னைத்தானே செம்பில் அடித்துக்கொண்ட ஆள். பேசில் பர்ச்சல் என்று ஒருவர் குழந்தைகளின் வயிற்றுப் பூச்சிக்குச் சர்க்கரை மிட்டாய் விற்றார், அதை டோக்கனில் விளம்பரமாகவே போட்டிருக்கிறார். என் பார்வையில் இது எல்லாவற்றையும்விடச் சுவாரஸ்யம்.

அரசியல் பக்கம் போனால் தாமஸ் ஸ்பென்ஸ். நியூகாசிலில் பிறந்து, நிலம் எல்லாருக்கும் பொது என்று பேசி, ஜெயிலுக்குப் போய், லண்டன் ஹோபர்ன் பக்கம் ஒரு சந்தில் புத்தகமும் டோக்கனும் விற்ற மனிதர். அவர் அடித்தவற்றில் பெரும்பாலானவை கடையில் சில்லறையாகப் புழங்கியவை அல்ல, கருத்துப் பரப்பவும் சேகரிப்பாளர்களுக்கு விற்கவும் அடித்தவை. அவரும் அச்சுகளை இஷ்டத்துக்குக் கலந்தார். மியூல் வேண்டாம் என்று சொன்ன நானே ஸ்பென்ஸுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுப்பேன். அடிமை வியாபார எதிர்ப்பு டோக்கன் ஒன்றும் உண்டு: சங்கிலியோடு மண்டியிட்ட கறுப்பு மனிதர், 'நான் ஒரு மனிதனும் சகோதரனும் அல்லவா' என்ற கேள்வி, மறுபக்கம் கோத்த இரண்டு கைகள். திருவிதாங்கூரில் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1855-இல். இந்த டோக்கன் அதற்கு அறுபது வருடம் முந்தையது. இதற்கு எப்போதும் போட்டி இருப்பதால் விலை கொஞ்சம் கூடுதல்.

இனி வீட்டில் வைப்பது. இதில்தான் நம் மாவட்டத்துக்கென்று தனிப் பாடம் தேவைப்படுகிறது, ஏனென்றால் இங்கிலாந்துப் புத்தகங்களில் சொல்லும் யோசனைகள் நம் காற்றுக்குப் பத்தாது. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் என்றால் உப்புக் காற்று வேறு. செம்புக்கு ஈரமும் உப்பும் சேர்ந்தால் களிம்புதான். கெட்டியாக, வழுவழுப்பாக, கரும்பச்சையாகப் படிந்திருக்கிற களிம்பு பல காலமாக அப்படியே இருப்பது, அதைத் தொட வேண்டாம். இளம்பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்து, ஒரு புள்ளியிலிருந்து பரவுகிறது என்றால் அது நோய். அந்தக் காசை உடனே தனியாகப் பிரித்து வையுங்கள். வாங்கும்போது படத்தில் அப்படி ஒரு புள்ளி தெரிந்தாலே வேண்டாம் என்று விட்டுவிடுவது நல்லது, நம் ஊருக்கு வந்து அது குணமாகாது.

காற்றுப்புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். நிறம் மாறுகிற வகையாக வாங்கினால் ஈரம் குடித்து முடித்ததும் தெரியும், வாணலியில் லேசாகச் சூடாக்கித் திரும்பப் போடலாம். ஐப்பசி, கார்த்திகையிலும் ஆனி, ஆடியிலும் அடிக்கடி பாருங்கள். காசு வைக்கிற உறை பிவிசி பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது, அது நாளாக நாளாகப் பச்சைப் பிசினை விடும். மைலார் உறை என்று கேட்டு வாங்குங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், அதிலுள்ள கந்தகம் செம்பைக் கறுக்க வைக்கும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் வீட்டில் ரப்பர் ஷீட் அடுக்கி வைத்திருப்பவர்கள் அந்த அறையில் காசை வைக்கவே கூடாது, பால் உறைய ஊற்றுகிற அமிலத்தின் ஆவியும் புகையும் செம்புக்கு ஆகாது.

அப்புறம் புளி. நம் வீடுகளில் குத்துவிளக்கு, செப்புக்குடம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைப்பது வழக்கம், கறுத்துக் கிடக்கிற காசைப் பார்த்தால் அம்மாவுக்கோ மாமிக்கோ கை பரபரக்கும். டப்பாவைத் திறந்து காட்டுவதற்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள்: புளி, எலுமிச்சை, சாம்பல், பீதாம்பரி எதுவும் படக் கூடாது. தேய்த்த காசு ஒரு நாள் மின்னும், பிறகு ரோஜா நிறத்தில் செத்துப்போன மாதிரி இருக்கும், விலையும் பாதிக்குக் கீழே போய்விடும். அழுக்கு இருந்தே தீருகிறது என்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் ஊறப் போட்டு, தேய்க்காமல் மெல்லிய துணியில் ஒற்றி எடுத்து, நன்றாகக் காய வைத்து வையுங்கள். பழைய உறையின் பிசின் ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோன், அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பு இல்லாமல். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் வேறு என்னென்னவோ கலந்திருக்கும், அது வேண்டாம். தலையில் எண்ணெய் தடவிய கையோடு காசைத் தொடாதீர்கள். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், கீழே மெத்தென்று ஒரு துணி இருக்கட்டும்.

கருவி என்று பார்த்தால் பத்து மடங்கு காட்டுகிற லென்ஸ் ஒன்று, 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று, வெர்னியர் காலிப்பர் ஒன்று. தராசு இல்லாவிட்டால் தெரிந்த நகைக்கடையில் கேட்டால் போட்டுத் தருவார்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு காசை மெதுவாகச் சுழற்றினால் தேய்ந்துபோன விளிம்பு எழுத்தும் படிக்க வரும். நேராக மேலிருந்து அடிக்கிற டியூப்லைட்டில் ஒன்றும் தெரியாது.

கடற்கரையிலோ தோட்டத்தில் குழி தோண்டும்போதோ பழைய காசு கிடைத்தால் அது வேறு கதை: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்ததன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியதையும் கண்டெடுத்ததையும் ஒரே டப்பாவில் போட்டுக் குழப்பாதீர்கள்.

விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த டோக்கன்களுக்கு இந்தியாவில் வாங்க ஆள் ரொம்பக் குறைவு, வெளியே அனுப்பவும் சட்டம் தடுக்கிறது. முதலீடு, பத்து வருடத்தில் இரட்டிப்பு என்றெல்லாம் யோசிப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம், போட்ட பணம் செம்பாகவே இருக்கும். அதனால் ஒவ்வொரு உறையிலும் ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: கவுன்டி, டால்டன் ஹேமர் எண், அந்தக் கடைசி எழுத்து உட்பட; விளிம்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது முழு வாசகமாக; எடை, குறுக்களவு; யாரிடம், எந்தத் தேதியில், என்ன விலைக்கு வாங்கியது; சுங்க ரசீது எண். பென்சிலில் எழுதுங்கள், மை ஈரத்தில் கசியும். சீட்டைத் தமிழிலும் எழுதி வைத்தால் பின்னால் வீட்டில் யார் டப்பாவைத் திறந்தாலும் இது என்ன சாமான் என்று தெரிந்துகொள்வார்கள், எடைக்குப் போட்டு கிலோ கணக்கில் செம்பு விலை வாங்கிவிட மாட்டார்கள்.